அடுத்த தேதி வாங்கிட்டு வர்றது ரிவ்யூ ஆகாது: ஹோம் குழந்தைங்க ஃபைலோட அலைஞ்ச அனுபவம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குழந்தைகள் இல்லங்கள்ல கேஸ் ஒர்க்கரா பல வருஷம் வேலை பார்த்திருக்கேன். ஃபைல தூக்கிட்டு குழந்தைகள் நலக்குழு முன்னாடி, அதான் நாங்கெல்லாம் சிடபிள்யூசின்னு சொல்றது, பாதுகாப்பு தேவைப்படற குழந்தை எங்க வளரணும்னு சட்டப்படி முடிவு பண்ற குழு, அங்க போய் நின்னு நின்னு எனக்கு புரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு, அத எழுதிடணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன். ஒரு குழந்தையோட கேஸ் ரிவ்யூக்கு, அதாவது குழு அத மறுபடியும் எடுத்துப் பார்க்கறதுக்கு வருதுன்னா, அன்னிக்கு அந்த ரூம விட்டு வெளிய வரும்போது, இந்தக் குழந்தை கடைசியா யார் வீட்டுல வளரப்போகுது, அதுக்கு யாரு எந்த வேலைய எந்த தேதிக்குள்ள முடிக்கணும், இது ரெண்டும் ஆர்டர்ல எழுதியிருக்கணும். அது இல்லாம "தொடர்ந்து இல்லத்தில் தங்க அனுமதிக்கப்படுகிறது"ன்னு ஒரு வரியும் அடுத்த தேதியும் மட்டும் வந்துச்சுன்னா, அந்தக் குழந்தைக்கு சில மாசம் சும்மா கழிஞ்சுச்சு, அவ்ளோதான்.

இதுல வர்ற குழந்தைங்க பத்தின அடையாளம் எல்லாத்தையும் மாத்திதான் எழுதறேன், சட்டப்படியும் அப்டித்தான் செய்யணும். எந்த ஹோம், எந்த ஆபீஸுன்னும் சொல்ல மாட்டேன்.

ஹோம் குழந்தைன்னாலே ஜனங்க அனாதைன்னு நெனச்சுக்கறாங்க. நான் பார்த்த வரைக்கும் நெறைய குழந்தைக்கு அம்மாவோ அப்பாவோ எங்கயோ இருக்காங்க. அப்பா குடிச்சே போய் சேர்ந்துருப்பாரு, அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயி தகர ஷெட்ல தங்கியிருக்கும், வயசுக்கு வந்த பொண்ண அந்த ஷெட்ல வெச்சுக்க பயந்துட்டு கொண்டாந்து விட்டுருக்கும். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, அஞ்செட்டி பக்கம் மழைய நம்பி இருக்கற ஊர்ங்கள்ல போய் விசாரிச்சா பாதி கதை இப்டித்தான் இருக்கும். அப்ப அந்தக் குழந்தைக்கு வேணுங்கறது வேற வீடு இல்ல, அந்த வீட்டுல இருக்கற பிரச்சனைக்கு ஒரு வழி. இது ஃபைல்ல தெரியாது, ஃபைல்ல "ஒற்றைப் பெற்றோர், வறுமை"ன்னு மூணு வார்த்தைதான் இருக்கும்.

சட்டத்துல காலக்கெடு இல்லாம இல்ல. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைய 24 மணி நேரத்துக்குள்ள, பயண நேரம் போக, குழு முன்னாடி கொண்டு போகணும், குடும்ப நெலமைய பத்தின சமூக விசாரணைய 15 நாள்ல முடிக்கணும், 4 மாசத்துக்குள்ள இறுதி உத்தரவு வரணும், குழு மாசத்துக்கு குறைஞ்சது 20 நாள் உக்காரணும், எவ்ளோ கேஸ் முடிஞ்சது எவ்ளோ நிலுவைன்னு 3 மாசத்துக்கு ஒருக்கா கலெக்டருக்கு ரிப்போர்ட் போகணும். எல்லாம் சரி. ஆனா அந்த 4 மாசத்துல "இல்லத்தில் தங்கட்டும்"னு ஒரு உத்தரவு வந்தா கேஸ் முடிஞ்ச கணக்குல ஏறிடும். மறுவாழ்வுக்கு சரியான வழி கெடைக்கற வரைக்கும், இல்லேன்னா 18 வயசு ஆகற வரைக்கும் ஹோம்ல வெக்கலாம்னு அந்தச் சட்டத்தோட 36ஆம் பிரிவுல இருக்கு. அந்த ரெண்டாவது பாதியத்தான் நம்மாளுங்க கெட்டியா புடிச்சுக்கறாங்க. ஏழு வயசுல வந்த புள்ளைக்கு 18ன்னா பதினோரு வருஷம், அது ஒரு முழு பால்யம்ங்க.

ஒரு பயிற்சியில அமெரிக்கா முறைய பத்தி சொன்னாங்க. அங்க 1980 சட்டத்துல 6 மாசத்துக்கு ஒரு ரிவ்யூ கட்டாயம்னு வந்துச்சு, அப்பறம் 1997ல வந்த சட்டத்துல, குழந்தை ஃபாஸ்டர் கேருக்குள்ள, அதாவது பெத்தவங்கள விட்டு வேற குடும்பத்துல தற்காலிகமா வளர்க்கற ஏற்பாட்டுக்குள்ள வந்து 12 மாசத்துக்குள்ள நிரந்தர ஏற்பாடு என்னன்னு கேக்கறதுக்குன்னே கோர்ட்ல தனி ஹியரிங் வெக்கணும், கடைசி 22 மாசத்துல 15 மாசம் குழந்தை வெளிய இருந்துட்டா, சில விதிவிலக்கு தவிர, பெத்தவங்க உரிமைய ரத்து பண்ணச் சொல்லி அரசாங்கமே மனு போடணும். அந்தக் கடைசி பகுதி எனக்கு ஒப்புதல் இல்ல, நம்ம ஊருக்கு அது வந்துச்சுன்னா ஏழையா பொறந்ததுக்கே தண்டனையா போயிடும். ஆனா அந்த 12 மாச கேள்வி நமக்கும் வேணும். "ஒரு வருஷம் ஆச்சு, இந்தக் குழந்தை எங்க போகுது சொல்லுங்க"ன்னு கேக்க ஒரு நாள். நான் வேலை பார்த்த எடத்துல நாங்களாவே இத செஞ்சோம், குழந்தை வந்த தேதிய ஃபைல் அட்டைல செவப்பு மையில எழுதி, வருஷம் திரும்பற மாசத்துல வர்ற சிட்டிங்குக்கு தனியா ஒரு பக்க ரிப்போர்ட் வெப்போம். யாரும் சொல்லி செய்யல, ஆனா பெஞ்ச்ல இருந்தவங்க அந்தப் பக்கத்தத்தான் மொதல்ல படிக்க ஆரம்பிச்சாங்க.

இப்ப அக்கா தம்பி ரெண்டு பேர் கதைய சொல்றேன், ஏன்னா எல்லாமே இதுக்குள்ள வந்துடும்.

அஞ்செட்டி மலைப்பக்கம் சொந்த ஊரு. அக்கா ஒம்பதாவது, தம்பி அஞ்சாவது. அப்பா இல்ல, அம்மா பெங்களூர்ல. பொம்பளபுள்ள ஒரு ஹோம்ல, பையன் வேற ஹோம்ல, ஏன்னா ஆம்பளபசங்க ஹோம் தனி. ரெண்டு ஹோம்னா ரெண்டு ஃபைல், ரெண்டு ஃபைலுக்கு ரெண்டு கேஸ் நம்பர், ரெண்டுக்கும் வேற வேற ரிவ்யூ தேதி. அந்தம்மா ரெண்டு தடவ லீவு போட்டு வரணும், மேஸ்திரி ஒரு நாளைக்குத்தான் விடுவான், அதனால ஒரு புள்ளைக்கு வந்துட்டு இன்னொண்ணுக்கு வராது, வராததுக்கு அந்த ஃபைல்ல "தாய் ஆஜராகவில்லை"ன்னு ஏறும். நாலு தடவ அப்டி ஏறிடுச்சுன்னா படிக்கறவங்களுக்கு இது அக்கறை இல்லாத அம்மான்னு தோணத்தானே செய்யும்? அந்தம்மா பெங்களூர்ல ராத்திரி பஸ் ஏறி விடிகாலைல வந்து எறங்கி, ஒரு பிளாஸ்டிக் கவர்ல பன்னும் வாழப்பழமும் வாங்கிட்டு மரத்தடியில உக்காந்திருந்தத நான் கண்ணால பார்த்திருக்கேன்.

நாங்க செஞ்ச மொத வேலை, ரெண்டு ஃபைலையும் ஒரே நாள்ல எடுக்கச் சொல்லி ஒரு பக்க மனு. அவ்ளோதான். ஏற்கனவே யாராச்சும் கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பாங்க. அன்னிக்கு அக்காவும் தம்பியும் வராண்டாவுல பார்த்துகிட்டாங்க, அவன் வளந்துட்டான், அந்தப் பொண்ணு அவன் காலர சரி பண்ணிட்டே இருந்துச்சு. கூடப்பொறந்தவங்க ஃபைல சேர்த்து வெக்கச் சொல்லி கேளுங்க, இத நான் எல்லா ஹோம் ஸ்டாஃபுக்கும் சொல்லுவேன், பணம் காசு எதுவும் தேவையில்லாத வேலை இது.

அப்பறம் வீடு. ஃபைல்ல ஏற்கனவே ஒரு திட்டம் இருந்துச்சு, அம்மாவைப் பெத்த ஆயா ஊர்ல இருக்கு, அங்க அனுப்பலாம்னு. ஆயா வந்து "என் பேரப்புள்ளைங்கள நான் கஞ்சி ஊத்தி வளத்துக்கறேன் சாமி"ன்னு அழுதுச்சு, பார்க்கறவங்களுக்கு மனசு கரைஞ்சுடும். எல்லாரும் சரின்னு சொல்ற நெலமைல நாங்க பொண்ண தனியா கூப்பிட்டு பேச அனுமதி கேட்டோம். அம்மா, ஆயா, ஹோம் மேடம் யாரும் இல்லாம. ரொம்ப நேரம் பேசல அது. அப்பறம் தலைய குனிஞ்சுகிட்டு சொல்லுச்சு: "அக்கா, ஆயா வீட்டுக்கு போனா மாமாவுக்கு கட்டி வெச்சுருவாங்க. பேசி முடிச்சுட்டாங்க. நான் சித்தி வீட்டுக்கு போறேன், அங்க ஸ்கூல் கிட்ட."

அந்த சித்தி பேரு அதுவரைக்கும் ஃபைல்லயே கெடையாது. காவேரிப்பட்டணம் பக்கத்துல இருக்காங்க, சித்தப்பா மாம்பழக் கூழ் கம்பெனில வேலை, சீசன் இருந்தா சம்பளம், இல்லேன்னா கூலி. யாரும் அவங்கள தேடல, ஏன்னா கேட்ட கேள்வியே "அப்பா அம்மா தவிர யாரு இருக்கா"ன்னுதான், அதுக்கு புள்ளைங்க ஆயாவ மட்டும்தான் சொல்லும். கேள்விய மாத்தணும். திருவிழாவுக்கு யார் வீட்டுக்கு போவீங்க, அப்பா செத்தப்ப யார் யார் வந்தாங்க, உனக்கு காது குத்தினப்ப யாரு மடியில உக்கார வெச்சாங்க, இப்டி கேட்டா சொந்தம் ஒண்ணொண்ணா வெளிய வரும். ரேஷன் கார்டு நகல், பழைய ஸ்கூல் டிசி, ஊர்ல அங்கன்வாடி டீச்சர், விஏஓ ஆபீஸ் உதவியாளர், இவங்ககிட்ட ஒரு சுத்து விசாரிச்சா அப்பா வழி, அம்மா வழி ரெண்டுமே ஒரு தாள்ல வரைஞ்சுடலாம். அப்டி வரைஞ்ச தாள் இல்லாம எந்த ஃபைலும் மொத ரிவ்யூவுக்கு போகக்கூடாதுங்கறது என் கருத்து.

சித்தப்பா நேரா விஷயத்துக்கு வந்தாரு. "ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்புங்க மேடம், பிரிக்க வேணாம். ஆனா எங்க ரெண்டோட இன்னும் ரெண்டுன்னா நாலு வயிறு, அத மட்டும் பாருங்க." இப்டி வெளிப்படையா பேசற ஆளுதான் நெலச்சு நிப்பாங்க, என் அனுபவத்துல. எவ்ளோ செலவாகும்னு கேக்காத சொந்தக்காரங்கதான் ஆறு மாசத்துல திருப்பி கொண்டாந்து விடறாங்க.

அன்னிக்கு வந்த ஆர்டர் எப்டி இருந்துச்சுன்னா, சித்தி வீட்டை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுங்கற அரசு ஆபீஸ்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள நேர்ல பார்த்து அறிக்கை தரணும், ஸ்பான்சர்ஷிப், அதாவது குழந்தைய வீட்டுல வெச்சு வளர்க்க அரசு தர்ற மாச உதவித்தொகை, அதுக்கான விண்ணப்பத்த அதே சமயத்துல எழுதி முடிக்கணும், ரெண்டு ஹோமும் ஆதார், பேங்க் கணக்கு சரி பண்ணித் தரணும், ஊர் ஸ்கூல் எச்எம்ம பார்த்து சீட் பேசறது கேஸ் ஒர்க்கர் பொறுப்பு, பொண்ணுக்கு 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் செய்ய மாட்டோம்னு அம்மாவும் ஆயாவும் எழுதித் தரணும், அம்மா எந்தெந்த ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாம், வர முடியலேன்னா வீடியோ கால். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு, ஒரு தேதி. அடுத்த சிட்டிங்ல இத ஒவ்வொரு வரியா படிச்சு ஆச்சா இல்லயான்னு மட்டும் கேட்டாங்க, பத்து நிமிஷம் கூட ஆகல. ரிவ்யூன்னா இதான்.

அனுப்பினதுக்கு அப்பறமும் எல்லாம் சுலபமா போயிடல. தம்பி கொஞ்ச நாள் ராத்திரி தூக்கத்துல ஒண்ணுக்கு போயிட்டு இருந்தான், சித்தி பயந்து போன் பண்ணாங்க, ஸ்பான்சர்ஷிப் பணம் வர தாமதமாச்சு, நடுவுல ஒரு தடவ ஆயா வந்து கல்யாண பேச்ச எடுத்துச்சு. அந்த எழுதிக் குடுத்த பேப்பர சித்தப்பா காட்டினாரு, அதோட நின்னுச்சு. குழந்தை வீட்டுக்கு போனதும் ஃபைல மூடிடறாங்களே அதத்தான் மாத்தணும், மொத மூணு மாசம்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய காலம், நேர்ல போக முடியலேன்னாலும் வாரத்துக்கு ஒரு போன், குழந்தைகிட்டயே குடுக்கச் சொல்லி பேசணும்.

இதுக்கு 2020 நல்ல சாட்சி. கொரோனா வந்ததும் ஹோம்ல இருந்து நெறைய குழந்தைங்கள வீட்டுக்கு அனுப்பினாங்க, அப்பறம் செப்டம்பர்ல தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலத்துக்கு 100 நாளுக்குள்ள குழந்தைங்கள குடும்பத்தோட சேர்க்கச் சொல்லி கடிதம் எழுதுச்சு, டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், வீட்டுக்கு போன குழந்தைங்க படிப்புக்கு மாசம் 2,000 ரூபாய் குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. போன குழந்தைங்கள்ல யாரு நல்லா இருந்தாங்க, யாரு செங்கல் சூளைக்கு போனாங்கன்னு எனக்கு தெரிஞ்சவங்கள வெச்சு பார்த்தா, வீடு எவ்ளோ ஏழையா இருந்துச்சுங்கறத விட, அனுப்பறதுக்கு முன்னாடி யாராச்சும் அந்த வீட்டுல போய் உக்காந்து பேசியிருந்தாங்களா, அனுப்பினதுக்கு அப்பறம் கூப்பிட்டாங்களாங்கறதுதான் வித்தியாசமா தெரிஞ்சுச்சு. மொத்தமா அனுப்பறதும் தப்பு, மொத்தமா வெச்சுக்கறதும் தப்பு, ஒவ்வொரு குழந்தையா பார்க்கணும், அதுக்குத்தான் தனிநபர் பராமரிப்பு திட்டம், ஐசிபின்னு ஒரு படிவமே வெச்சிருக்காங்க. அந்த ஐசிபில பேர மட்டும் மாத்தி அப்டியே காப்பி எடுத்து வெச்சிருந்த ஃபைல்கள நான் பார்த்திருக்கேன், மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

பணத்த பத்தி சொல்லிடறேன், ஏன்னா சொந்தக்காரங்களுக்கு இது தெரியறதில்ல. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்புன்னு ஒரு குழந்தைக்கு மாசம் 4,000 ரூபாய். கணவர் இல்லாத, கைவிடப்பட்ட அம்மாவோட புள்ளைங்க, அப்பா அம்மா இல்லாம சொந்தக்காரங்க வீட்டுல இருக்கற புள்ளைங்க, பெத்தவங்க பெரிய நோயில இருக்கற குடும்பம், இவங்கெல்லாம் கேக்கலாம். தமிழ்நாட்டுல 2025 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அன்புக் கரங்கள் திட்டத்துல பெத்தவங்கள இழந்த புள்ளைங்களுக்கு மாசம் 2,000 ரூபாய். ஹோம்ல சேர்க்கறதுக்கு முன்னாடியே இத யாராச்சும் சொல்லியிருந்தா பாதி குழந்தை ஹோமுக்கே வந்திருக்காதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

பெத்தவங்க, சொந்தம் ரெண்டுமே ஆகாதுன்னா ஃபாஸ்டர் கேர். சட்டப்படி ஃபாஸ்டர் குடும்பத்த குழு மாசா மாசம் பார்வையிடணும், பெத்தவங்க வந்து பார்க்கலாம், அவங்க தகுதியாயிட்டாங்கன்னா குழந்தை திரும்பவும் போகலாம். 2024ல வந்த மாதிரி வழிகாட்டுதல்படி கல்யாணம் ஆகாத, துணை இல்லாத தனி ஆளுங்களும் ஃபாஸ்டர் கேருக்கு எடுக்கலாம், ஒரு குழந்தைய 2 வருஷம் நல்லபடியா வளத்தவங்க தத்தெடுக்கவும் கேக்கலாம். நம்ம மாவட்டங்கள்ல இதுக்கு முன்வர்ற குடும்பம் ரொம்ப கம்மி, சொந்தமில்லாத புள்ளைய வீட்டுல வெச்சுக்கறதுன்னா சாதி கேள்வி வந்துடுது, அத மூடி மறைச்சு பேசி பிரயோஜனம் இல்ல.

தர்மபுரிக்கு தத்தெடுப்பு புதுசு இல்ல. பொம்பளபுள்ள பொறந்தா என்ன பண்ணாங்கன்னு நம்ம ஊர் பெரியவங்களுக்கு தெரியும், வளர்க்க முடியாத கைக்குழந்தைய அரசு தொட்டில்ல விட்டுட்டு போகலாம்னு 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டம் 2001ல இங்கயும் வந்துச்சு. கைக்குழந்தைங்க விஷயத்துல தாமதம்தான் பெரிய எதிரி. குழந்தைய குழுகிட்ட ஒப்படைச்ச அம்மாவுக்கு மறுபரிசீலனை பண்ண 2 மாசம் டைம், அது அவங்க உரிமை, அத அவசரப்படுத்தவே கூடாது. கைவிடப்பட்ட குழந்தைன்னா 2 வயசு வரைக்கும் 2 மாசத்துலயும், அதுக்கு மேல 4 மாசத்துலயும் தத்துக்கு தகுதின்னு அறிவிக்கணும். அதனால நாங்க ஒரே நேரத்துல ரெண்டு வேலையும் செய்வோம், ஒரு பக்கம் குடும்பத்த தேடறது, இன்னொரு பக்கம் பேப்பர் தயார் பண்றது. ஒண்ணு முடிஞ்சப்பறம் இன்னொண்ணுன்னு போனா குழந்தை தவழ்ந்து நடந்து பேசவே ஆரம்பிச்சுடும், அதுக்கப்பறம் ஒரு வீட்டுக்கு போய் ஒட்டறது அதுக்கும் கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம்.

சிட்டிங் நடக்கற விதத்துலயும் சின்ன சின்ன மாத்தம் நெறைய செய்யலாம். பரீட்சை நாள்ல தேதி போடாதீங்கன்னு ஸ்கூல் டைம்டேபிள முன்னாடியே குழுவுக்கு குடுத்துடுங்க. தூரத்து ஊர்க்காரங்க கேஸ மதியத்துக்கு மேல எடுக்கச் சொல்லி கேளுங்க, அஞ்செட்டியில இருந்து தேன்கனிக்கோட்டை வந்து பஸ் மாறி கிருஷ்ணகிரி வர்றவங்கள காலைலயே ஆஜராகச் சொன்னா எப்டி வருவாங்க? குழு ஹோமுக்கே வந்து குழந்தைங்கள பார்க்கறதையும் சட்டம் ஒரு அமர்வா ஏத்துக்குது, இது நெறைய பேருக்கு தெரியாது. அப்டி வந்தா குழந்தை தன்னோட எடத்துல உக்காந்து பேசும், போலீஸு கேஸுன்னு வந்தவங்களோட ஒரே பெஞ்ச்ல மணிக்கணக்கா காத்துக் கெடக்காது. சிட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி குழந்தைகிட்ட, உன்னை யார் யார் பார்ப்பாங்க, என்ன கேப்பாங்க, உனக்கு புடிக்காதத புடிக்கலேன்னு சொல்லலாம்னு சொல்லி வெங்க. முடிஞ்சதும் என்ன முடிவாச்சுன்னு அதுங்ககிட்ட சொல்லுங்க. "பெரியவங்க பார்த்துப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பறது குழந்தைக்கு ராத்திரி பூரா தூக்கத்த கெடுக்கும்.

18 ஆகப்போற பசங்க இருந்தா 16லயே ஆரம்பிச்சுடுங்க. ஹோம விட்டு வெளிய போற பசங்களுக்கு தர்ற ஆஃப்டர் கேர் உதவி 21 வயசு வரைக்கும் உண்டு, ஆனா அது தானா வராது, ஐசிபில எழுதி குழு உத்தரவு வாங்கணும். ஓசூர்ல கம்பெனி வேலை கெடைச்சுடும்னு சொல்லி அனுப்பிடறாங்க, வேலை கெடைக்கும், ரூமு வாடகை, சமுதாய சர்ட்டிஃபிகேட், ஒடம்பு சரியில்லேன்னா கூப்பிட ஒரு ஆளு, இதெல்லாம் யாரு பார்ப்பா? நிரந்தர ஏற்பாடுங்கறது சின்னப் புள்ளைக்கு மட்டும் இல்ல.

இத படிக்கற சித்தி, பெரியம்மா, அத்தை, மாமா யாராச்சும் உங்க சொந்தத்துல ஒரு புள்ளைய ஹோம்ல இருந்து கூட்டிட்டு வரணும்னு நெனச்சா, வாய்ல சொல்லிட்டு வராதீங்க, வெள்ளைத்தாள்ல மனுவா எழுதிக் குடுங்க, உறவுமுறைக்கு ரேஷன் கார்டோ வேற ஆதாரமோ, ஆதார், வீட்டுல யார் யார் இருக்காங்கங்கற விவரம், புள்ள எந்த ஸ்கூல்ல சேரும்ங்கறது, எல்லாத்தையும் அதுல சேர்த்துடுங்க. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயும் ஒரு காப்பி குடுங்க. முடியாதுன்னு சொன்னா ஏன்னு எழுத்துல கேளுங்க, குழுவோட உத்தரவுக்கு 30 நாளுக்குள்ள குழந்தைகள் நீதிமன்றத்துல மேல்முறையீடு போகலாம், ஃபாஸ்டர் கேர், ஸ்பான்சர்ஷிப் சம்பந்தமான முடிவுன்னா கலெக்டர்கிட்ட. இந்த 30 நாள் ஆர்டர் தேதில இருந்து ஓட ஆரம்பிச்சுடும், அதனால ஆர்டர் காப்பிய அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க. உங்க மனுவோட ஒரு நகல்ல தேதி போட்டு சீல் வெச்சு வாங்கறதையும் விட்டுறாதீங்க.